ஆற்றங்கரையில் நால்வர்: பேச்சும் பறவையும் ஒத்துப்போகுமா?

வசந்த காலத்தில், வெயில் தெளிவாக அடிக்கும் நாளொன்றில், நண்பர்கள் நால்வர் ஆற்றங்கரையோரமாக நடந்து பறவை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நால்வரில் ஒருவருக்குத்தான் பறவைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பேசிக்கொண்டே போனால் பறவைகள் பறந்துவிடாதா, வாய் திறக்காமல் போவதானால் நண்பர்களோடு ஏன் போக வேண்டும், எங்கே எதைத் தேடுவது, எதை எடுத்துப் போவது என்பவை உங்கள் கேள்விகள். பல ஆண்டுகளாகத் தனியாகவும் துணையோடும் ஆற்றோரம் அலைந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பேசலாம், தாராளமாகவே பேசலாம். நடக்கும் தூரத்தைப் பாதியாக்குங்கள், உட்காரும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், அவ்வளவுதான். மூன்று கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். அதற்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆற்றங்கரையில் எனக்கு வாய்த்த நல்ல காட்சிகளில் பெரும்பாலானவை நடந்தபோது கிடைத்தவை அல்ல, உட்கார்ந்தபோது கிடைத்தவை. ஆள் வந்ததும் கரையோரப் பறவைகள் எதிர்க்கரைக்கோ நாணலுக்குள்ளோ ஒதுங்கிவிடும். பதினைந்து, இருபது நிமிடம் நாம் எழுந்து நடமாடாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் தங்கள் வேலைக்குத் திரும்பும். தனியாகப் போகிறவருக்கு அந்த இருபதாவது நிமிடம் வரை பொறுமை இருப்பதில்லை. பத்தாவது நிமிடத்திலேயே கால் தானாக நகரத் தொடங்கிவிடும். நண்பர்கள் இருந்தால் ஒரே பாறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது சுமையாகத் தெரியாது. ஆகவே பறவை பார்ப்பதற்குத் துணை இடைஞ்சல் என்று நினைக்க வேண்டாம். உங்களை ஓரிடத்தில் இருத்தி வைப்பதே அந்தத் துணைதான்.

பறவைகளை விரட்டுவது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாழ்ந்த குரலில் ஒரே சீராக நடக்கும் பேச்சை அவை விரைவில் பழகிக்கொள்கின்றன. திடீர்ச் சிரிப்பு, நீட்டிய கை, தங்களை நோக்கி நேராக வரும் உருவம், கரை மேட்டின் உச்சியில் வானத்தை முதுகாக்கி நிற்கும் ஆள் ஆகியவற்றைத்தான் அவற்றால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நாரை ஒன்று ஓரத்தில் நிற்கிறதென்றால் அதை நோக்கி நடக்காதீர்கள். அதைத் தாண்டிப் போகிறவர்கள் போலச் சாய்வாக நடங்கள். முடிந்தவரை மேட்டின் உச்சியை விட்டுச் சரிவில், மரங்களைப் பின்னணியாக வைத்துச் செல்லுங்கள். உடை பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பளிச்சென்ற வெள்ளையை மட்டும் தவிர்த்தால் போதும்.

காட்டுவதற்குக் கை வேண்டாம், சொல் போதும். "அதோ, அங்கே" என்பதைப் போலப் பயனற்ற சொல் ஆற்றங்கரையில் வேறில்லை. எல்லோருக்கும் தெரியும் பெரிய பொருள் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: "எதிர்க்கரையில் சாய்ந்து நிற்கும் மரம், அதன் கீழே தண்ணீரைத் தொடும் கிளை, அதன் நுனியிலிருந்து இரண்டு முழம் இடப்பக்கம்." மரத்தையே கடிகார முகமாக எண்ணி "மூன்று மணிப் பக்கம்" என்று சொல்வதும் நன்றாக வேலை செய்யும். புதியவர்கள் இருநோக்கியை (பைனாகுலரை) கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவார்கள், கிடைக்காது. வெறும் கண்ணால் பறவையைப் பிடித்துக்கொண்டு, பார்வையை விலக்காமல், இருநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். புறப்படும் முன் பத்து நிமிடம் இதை ஏதாவது ஓர் இலையை வைத்துப் பழகிவிட்டால் நால்வருக்கும் நாள் முழுவதும் எளிதாகப் போகும்.

இனி ஆற்றைப் படிப்பது. பறவைப் பெயர்களைவிட இதை முதலில் கற்றுக்கொள்ளும்படி எல்லோரிடமும் சொல்வேன். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் நீர் வேகமாக மோதிக் கரையை அரிக்கும். அங்கே செங்குத்தான மண்சுவர் உருவாகும். உள்பக்கம் நீர் தளர்ந்து, சுமந்து வந்த மணலையும் கூழாங்கல்லையும் இறக்கி வைக்கும். அங்கே திட்டு உருவாகும். மண்சுவர், வளை குடைந்து கூடு வைக்கும் பறவைகளின் இடம். மீன்கொத்தி, பஞ்சுருட்டான், மண்ணில் வளை தோண்டும் தகைவிலான் வகைகள் அங்கே இருக்கும். திட்டு, தரையில் இரை தேடுபவற்றின் இடம். உப்புக்கொத்தி, உள்ளான், வாலாட்டிக் குருவி அங்கே ஓடித் திரியும். வளைவுக்கு மேலும் கீழும் பாருங்கள். ஆழமில்லாமல் கற்கள்மீது சலசலத்து ஓடும் பகுதியில் பூச்சிகள் மிகுதி. நீர் கறுத்துத் தேங்கி நிற்கும் மடுவில் மீன்கள் மிகுதி. முக்குளிப்பானும் நீர்க்காகமும் அங்கேதான். ஆகவே முக்கால் மணி நேரம் உட்காரப் போகும் அந்த ஓரிடத்தை வளைவுக்கு எதிரே தேர்ந்தெடுங்கள். ஒரே இருக்கையிலிருந்து மண்சுவர், திட்டு, ஓடுநீர், மடு நான்கும் தெரிந்தால் அதைவிடச் சிறந்த இடம் அந்த ஆற்றில் இருக்காது.

மண்சுவர் எதிரே இருந்தால் காத்திருக்க வேண்டியது மீன்கொத்திக்காக. சிரல், சிச்சிலி என்று தமிழில் அதற்குப் பழைய பெயர்கள் உண்டு. சிறு நீல மீன்கொத்தியைக் கண்ணுக்கு முன் காதுதான் பிடிக்கும்: கூர்மையான, மெல்லிய விசில் போன்ற ஒலி நீர்மட்டத்தை ஒட்டி வரும். பின்னாலேயே நீலக் கோடு ஒன்று பறந்து போகும். அந்த நீலம் சாயம் அல்ல. இறகிழைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறவைத்து நீலத்தை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. நிழலில் மங்கலாக உட்கார்ந்திருந்த பறவை வெயிலுக்கு வந்ததும் பற்றி எரிவது போல் தோன்றுவது அதனால்தான். வெயில் நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு இருக்கும் முதல் மகிழ்ச்சி இது.

அது உட்கார்ந்துவிட்டால் அலகைப் பாருங்கள். கீழலகு சிவப்பாக இருந்தால் பெண். அலகு முழுவதும் கறுப்பாக இருந்தால் ஆண். பிடித்த மீனைக் கிளையில் அடித்துச் சோரவைத்த பிறகு அது மீனை எப்படிப் பிடித்திருக்கிறது என்று கவனியுங்கள். தான் விழுங்குவதானால் மீனின் தலை தன் தொண்டைப் பக்கம் இருக்கும். செதிலும் முள்ளும் தடுக்காமல் உள்ளே போக வேண்டுமே. மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மீன் அதற்கு அல்ல, துணைக்கோ குஞ்சுக்கோ. வசந்தத்தில் ஆண் இப்படி மீனை ஏந்திக்கொண்டு பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து, மிக நேராக நிமிர்ந்து, நீட்டிக் கொடுக்கும். பார்க்கும் இடம் கூட்டுக்கு அருகில் என்பதும் அதிலிருந்து தெரிந்துவிடும். வளை அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உள்ளே போகும். அதன் வாய் எதுவென்று தெரிந்துவிட்டால் அங்கிருந்து நன்றாகத் தள்ளி உட்காருங்கள். சுவரின் மேற்பகுதியில் ஒருபோதும் நிற்க வேண்டாம். மனித எடைக்கு அந்த மண் சரியும்.

மடுவில் சிறு முக்குளிப்பான் இருந்தால் நால்வரும் சேர்ந்து விளையாடலாம்: மூழ்கிய பறவை எங்கே வெளிவரும் என்று ஆளுக்கோர் இடம் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லோரும் தவறாகத்தான் சொல்வீர்கள். முக்குளிப்பான்கள் தங்கள் இறகுகளையே தின்னும், குஞ்சுகளுக்கும் ஊட்டும். வயிற்றில் முட்களோடு கலந்து அந்த இறகுகள் கிடக்கும். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகள்மீது நீர்ச்செடிகளை இழுத்து மூடிவிட்டுப் போகும். குஞ்சு பொரித்த பின் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும்.

இந்தக் குடும்பத்தின் பெரிய உறவு ஒன்றுக்கு, கொண்டை முக்குளிப்பானுக்கு, அறிவியல் வரலாற்றில் இடம் உண்டு. இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கங்களில் 1912-ஆம் ஆண்டு வசந்தத்தில் ஜூலியன் ஹக்ஸ்லி என்ற இளம் விலங்கியலாளர் அவற்றின் காதல் நடனத்தைப் பார்த்துக் குறித்தார். இணைகள் எதிரெதிரே தலையை ஆட்டுவது, இரண்டும் மூழ்கி நீர்ச்செடியை அலகில் ஏந்தி வந்து நெஞ்சோடு நெஞ்சாக நீரில் நிமிர்ந்து நிற்பது எல்லாம் அதில் உண்டு. 1914-இல் அவர் வெளியிட்ட கட்டுரை விலங்கு நடத்தை ஆய்வுக்கு முன்னோடியாக இன்றும் மதிக்கப்படுகிறது. நல்ல இருநோக்கி, குறிப்பேடு, கொஞ்சம் பொறுமை, வசந்தத்தில் இரண்டு வாரம் ஓய்வு, இவற்றை வைத்தே அதைச் செய்ததாகவும், அது இனிமையான விடுமுறையாகவும் அமைந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். நான்கில் மூன்று உங்களிடம் இருக்கிறது. நான்காவது மூன்றரை மணி நேரமாகச் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை.

ஓரத்து ஆழமற்ற நீரில் வெண்கொக்கு நிற்கும். பார்த்துப் பழகிய பறவை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். சின்ன வெண்கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்தப் பாதத்தை நீரடியில் நடுக்கி ஒளிந்திருக்கும் இரையைக் கிளப்பும். வசந்தத்தில் அதன் பிடரியிலிருந்து நீண்ட இரண்டு இறகுகள் தொங்கும். முதுகிலும் மார்பிலும் நூல்போல் மெல்லிய தூவிகள் வளரும். காற்று அடிக்கும்போது அவை எழுந்து அலைவதை வெயிலை எதிர்ப்பக்கம் வைத்துப் பார்த்தால் பறவையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டது போலிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே வளரும் இந்தத் தூவிகளுக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொக்குகள் கூட்டம் கூட்டமாகச் சுடப்பட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளை அவை அலங்கரித்தன. எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலைக்குப் போன காலமும் உண்டு. கூடு கட்டும் பருவத்தில் பெற்றோரைச் சுட்டதால் குஞ்சுகள் கூட்டிலேயே பசியில் செத்தன.

அதைத் தடுத்து நிறுத்தியவர்களும் பெண்கள்தாம். 1889-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் தன் வீட்டில் தோழிகளைக் கூட்டி, இறகு அணிவதில்லை என்று உறுதி எடுக்கவைத்தார்; இன்றைய ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் வேர் அது. 1896-இல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வேயும் அவருடைய உறவினர் மின்னா ஹாலும் தெரிந்த பெண்களைத் தேநீருக்கு அழைத்து அதே பேச்சைப் பேசினார்கள். மாசசூசெட்ஸ் ஆடுபன் சங்கம் பிறந்தது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1921-இல்தான் வந்தது. இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளும் அவர்கள் விடவில்லை. நண்பர்கள் கூடிப் பேசுவது பறவைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

கற்கள் நிறைந்த ஓடுநீரில் இரண்டு சிறிய பறவைகள் உடலை ஆட்டிக்கொண்டிருக்கும். புதியவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வார்கள். நீண்ட வாலை மட்டும் மேலும் கீழும் ஆட்டுவது வாலாட்டிக் குருவி. பின்னுடல் முழுவதையும் ஓயாமல் தூக்கித் தூக்கித் தாழ்த்துவது உள்ளான். உள்ளான் எழுந்தால் நீரை உரசுவது போலத் தாழ்வாக, விறைத்த இறக்கைகளைச் சடசடவென்று அடித்துச் சற்று மிதந்து, மீண்டும் அடித்துப் பறக்கும். இந்தப் பறப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் மறக்காது.

நீங்கள் எந்தப் பகுதியில் நடக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த உள்ளானின் கதை தலைகீழாக மாறும். வெப்பமான நிலங்களில் வசந்தம் என்பது வழியனுப்பும் காலம். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கியிருந்த வலசைப் பறவைகள் கொழுப்பேற்றிக்கொள்ளும். சில இனங்கள் புறப்படும் முன்பே இனப்பெருக்கக் கால வண்ணத்துக்கு மாறிவிடும். போன மாதம் சாம்பலும் வெளிர்மஞ்சளுமாக இருந்த மஞ்சள் வாலாட்டி இந்த மாதம் எலுமிச்சை நிறத்தில் நிற்கும். வடக்கே குளிர் நாடுகளில் அதே வசந்தம் வரவேற்கும் காலம். கிளம்பிப் போன அதே உள்ளான் அங்கே கூழாங்கல் கரையில் இறங்கிக் கூட்டுக்கு இடம் பார்க்கும். ஒருவருக்கு வெறிச்சோடும் கரையும் இன்னொருவருக்கு நிறையும் கரையும் ஒரே பயணத்தின் இரு முனைகள்.

இது நமக்குத் தெரியவந்ததே வளையம் மாட்டும் முறையால்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் 1899-இல் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டித் தொடங்கி வைத்தார். 1911 மே மாதம் இங்கிலாந்தில் வளையமிட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் கிடைத்தது. ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர். அந்தத் தகைவிலானின் உறவுகள்தாம் உங்கள் தலைக்கு மேல் வாயைத் திறந்துகொண்டு பூச்சி பிடித்துத் திரிபவை. நீர்மட்டத்தை உரசிப் பறந்தபடியே தண்ணீர் குடிக்கும். கரையின் ஈரச்சேற்றில் கூட்டமாக இறங்கினால் குடிப்பதற்காக அல்ல. வாய் வாயாக மண்ணெடுத்துக் கொண்டுபோய்க் கிண்ணம் போன்ற கூட்டைக் கட்ட.

வெயில் நாளுக்கென்று சில குறிப்புகள். காலையில் ஆற்றின் கிழக்குக் கரையில் நடங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்க்கரைப் பறவைகள் முழு வண்ணத்தோடு தெரியும். மேற்குக் கரையில் நடந்தால் நீரின் பளபளப்புக்கு எதிரே கறுப்பு நிழல்களைத்தான் பார்ப்பீர்கள். மாலையானால் கரை மாறும். தொலைவில் இருப்பவற்றை முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறிய பின் மணலுக்கு மேலே காற்று நடுங்கும். எவ்வளவு விலையுயர்ந்த இருநோக்கியிலும் படம் குலுங்கும். அதற்குப் பின் அருகில் இருப்பவற்றைப் பார்க்கலாம், அல்லது தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கலாம். நிலம் சூடாகி வெப்பக் காற்று எழத் தொடங்கும் அந்த வேளையில்தான் கழுகுகளும் பருந்துகளும் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயரும். நீண்ட கழுத்துப் பெரிய பறவை மேலே போனால் கழுத்தைப் பாருங்கள்: மடித்துக்கொண்டு பறந்தால் நாரை, கொக்கு இனம், நீட்டிக்கொண்டு பறந்தால் செங்கால் நாரை, அரிவாள் மூக்கன் போன்றவை. செங்கால் நாரை பெயரில்தான் நாரை, குடும்பம் வேறு. இந்த ஒரு குறிப்பே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இருநோக்கிக்குப் பெரிதாகச் செலவிட வேண்டாம். எட்டு மடங்கு பெருக்கம் போதும். பத்து மடங்கு கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அளவு கிடைக்கும். 8×42 என்றால், அதாவது எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும் என்றால், 5.25 மில்லிமீட்டர்; 8×32 என்றால் 4. நல்ல வெயிலில் நம் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் நடைக்கு எடை குறைந்த 8×32 தாராளம். நால்வருக்கும் இரண்டு இருந்தால்கூடப் போதும். மாற்றிக்கொள்ளும்போது பேச்சு வளரும். வட்டமிடும் கழுகைத் தொடரும்போது மட்டும் கவனம்: இருநோக்கி வழியாக ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் கண்ணுக்கு நிரந்தரச் சேதம் வரலாம்.

பறவை தெரிந்தவர் ஒருவர்தான் என்று வருந்தியிருக்கிறீர்கள். வருந்த வேண்டாம். தெரிந்தவர் தனக்குத் தெரிந்த இடத்தையே பார்ப்பார். தெரியாதவர் எல்லா இடத்தையும் பார்ப்பார். என்னோடு வந்த நண்பர் ஒருவர், பறவைகளில் ஆர்வம் இல்லை, காற்று வாங்க வருகிறேன் என்று சொல்லி வந்தவர், "அந்த வேர் ஏன் கண் சிமிட்டுகிறது" என்று கேட்டார். கரையில் துருத்திய வேர்களுக்கு நடுவே இராக்கொக்கு ஒன்று பகல் தூக்கத்தில் இருந்தது. அந்த வேர்களை அதற்கு முன் நூறு முறையாவது கடந்து போயிருப்பேன். வயதும் இதில் உதவும். முதுமையில் உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் காதிலிருந்து போய்விடும். மீன்கொத்தியின் விசில், சில சிறு குருவிகளின் பாட்டு அந்த வரிசையில் சேரும். வயதானவர் ஒருவரும் சிறுவர் ஒருவரும் உடன் இருந்தால் சிறுவர் கேட்பார், பெரியவர் பெயர் சொல்வார். விடியலுக்குச் சற்று முன்னரே வந்துவிட்டால் முதல் அரை மணி நேரம் இருநோக்கியைத் தொடாமல் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை விதக் குரல்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் மட்டும் பேச்சு வேண்டாம். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் இப்போது இருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் உருவாக்கிய அது நல்ல கருவிதான். ஆனால் ஓடும் நீரின் இரைச்சலிலும், கூடவே நடக்கும் உங்கள் பேச்சிலும் அது தடுமாறக்கூடும். அது சொல்லும் பெயரைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைக் கண்ணால் பாருங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை மட்டும் செய்யாதீர்கள். வசந்தத்தில் தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பி, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது அலைந்து தேடும்.

இப்போது மிக முக்கியமானது. திட்டில் உட்காராதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற இளவெயில் நாளில், நாங்கள் ஐந்து பேர் ஆற்றின் நடுத் திட்டில் போய் அமர்ந்தோம். அழகான இடம், பேச்சு நீண்டது. சிறிய உப்புக்கொத்தி ஒன்று எங்களைச் சுற்றி ஓடி ஓடிக் கத்திக்கொண்டிருந்தது. எங்களுக்கு அருகில் வந்து பார்க்கிறதே என்று மகிழ்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அது ஓர் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டிலிருந்து எதிரியின் கவனத்தைத் திருப்ப அவை ஆடும் நாடகம் அது. எழுந்து, காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்து வெளியேறினோம். எங்களில் ஒருவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நான்கு அடி தூரத்தில், கூழாங்கல்லுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியாத முட்டைகள் இருந்தன. கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. சிறு குழி, அவ்வளவுதான். குளிர் நேரத்தில் அடைகாப்பது சூடேற்ற. வெயில் நேரத்தில் தாய்ப்பறவை முட்டைமேல் நிற்பது நிழல் தர. வெயில் கடுமையானால் சில உப்புக்கொத்திகளும் ஆலா என்ற நீர்ப்பறவைகளும் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாங்கள் அங்கே அமர்ந்து பேசிய நேரம் முழுவதும் அந்த முட்டைகள் வெயிலில் கிடந்தன. அவை பொரித்தனவா என்று பார்க்க மறுபடியும் போய் அதைக் கலங்கடிக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வசந்தத்தில் எந்த ஆற்றுத் திட்டிலும் நான் காலடி வைத்ததில்லை. கரையின் புல்மேட்டிலிருந்து பார்ப்பேன். நாயைக் கூட்டிப் போவதானால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். தனியே நிற்கும் குஞ்சைக் கண்டால் எடுக்காதீர்கள். பெரும்பாலும் தாய் அருகிலேயே, நீங்கள் போவதற்காகக் காத்திருக்கும்.

ஒருவர் குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். பெயர் தெரியாவிட்டால் என்ன செய்தது என்று எழுதுங்கள்: "காக்கையைவிடப் பெரியது, கறுப்பு, இறக்கையை விரித்துக் கம்பத்தில் நின்றது." வீட்டுக்கு வந்து படம் பார்த்தால் அது நீர்க்காகம் என்று தெரிந்துவிடும். அதன் இறகுகளின் வெளிப்பகுதி நீரில் நனையும் தன்மை கொண்டது. மூழ்குவதற்கு அது உதவி, பிறகு உலர்த்த வெயில் தேவை. எண்ணிக்கையையும் எழுதுங்கள். 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையத் தளம் இப்படிப்பட்ட சாதாரணப் பட்டியல்களைத்தான் உலகம் முழுவதிலிருந்தும் திரட்டுகிறது. பார்த்த நேரமும் நடந்த தூரமும் சேர்த்து எழுதினால் உங்கள் நால்வரின் காலைப்பொழுது ஆய்வாளர் ஒருவருக்குப் பயன்படும்.

திரும்பி வரும்போது இருநோக்கிகளைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். போகும்போது முதுகில் இருந்த சூரியன் இப்போது உச்சிக்கு அருகில் வந்திருக்கும். காலையில் நிழலில் கிடந்த மண்சுவரில் வெளிச்சம் விழுந்திருக்கும். பசி வந்துவிட்டதால் எல்லோரும் கொஞ்சம் அமைதியாகவும் நடப்பீர்கள். எனக்கு மீன்கொத்தி மிக அருகில் வந்து அமர்ந்தது அப்படித் திரும்பிய வேளையொன்றில்தான். மீனின் தலை வெளிப்பக்கம் இருந்தது. நாங்கள் மூவரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டோம். அது எங்களைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கமாகப் பறந்து போகும் வரை யாரும் அசையவில்லை.